பிளான்ட் ரூம் கைஜாடை

குளிரை யாரும் தயாரிக்க முடியாது. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய் இன்னோரிடத்தில் கொட்டத்தான் முடியும். பெரிய கட்டடங்களின் ஏசி பிளான்ட்டில் ஆபரேட்டராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் இதை என் மனைவிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அரைகுறையாகப் புரிந்த எதையும் விடமாட்டாள்.

"சும்மா சொல்லாதீங்க. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க தலை மேல ஜிலுஜிலுன்னு காத்து வருதுல்ல? அது எங்கருந்து வருது?" என்று கேட்டாள்.

நான் வேலை பார்ப்பது ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஆபீஸ் கட்டடம். கண்ணாடியாலேயே கட்டியது. உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், வெளியே நம் ஊர் வெயில். சமையல்மேடையில் இருந்த டம்ளர்களை வரிசையாக வைத்து நான் விளக்கினேன். கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் பஸ் அளவுக்கு ஒரு மெஷின் இருக்கிறது. அதற்குப் பெயர் சில்லர். அது காற்றைத் தொடுவதே இல்லை, தண்ணீரைத்தான் குளிர வைக்கிறது. அந்தத் தண்ணீரைப் பம்ப் மாடி மாடியாக ஏற்றுகிறது. ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற குழாய்களின் மேல் ஒரு பெரிய ஃபேன் ஹாலின் காற்றை ஊதும். காற்று தன் சூட்டைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு, கூரைக்கு மேல் போகிற தகரக் குழாய் வழியாகத் திரும்பப் போய் ஆட்களின் தலையில் இறங்கும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் பேஸ்மென்ட்டுக்கு வரும். சில்லர் அந்தச் சூட்டைப் பிடுங்கி வேறொரு தண்ணீரிடம் கொடுக்கும். அந்தத் தண்ணீர் மொட்டைமாடிக்கு ஏறி, கூலிங் டவருக்குள் தூறலாக விழும். அதில் கொஞ்சம் ஆவியாகி, சூட்டையும் எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடும். அப்படிப் போகிற தண்ணீரை ஈடுகட்டத்தான் மேடவாக்கம் பக்கமிருந்து நாள் முழுக்க எங்கள் கட்டடத்துக்கு லாரி வந்துகொண்டே இருக்கிறது.

அவள் கடைசி டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப நீங்க குளிர் குடுக்கற ஆளு இல்ல. ஊரான் சூட்டைச் சுமந்துட்டுப் போய் மொட்டைமாடியில கொட்டற ஆளு."

அதன் பிறகு சர்ச்சில் யாராவது புதிதாக என்னைப் பற்றி விசாரித்தால், "இவர் ஓஎம்ஆர்ல சூடு சுமக்கறார்" என்றுதான் சொல்வாள். கேட்டவர்கள் முழிப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் வீட்டுக்கு வந்தால் தயிர்சாதம்தான் கேட்பார், அதுபோலத்தான் இதுவும். காலையில் மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் நசுங்கி வேலைக்குப் போய், ஷிப்ட் முழுக்கக் குளிர்ந்த குழாய்களுக்கு நடுவே திரிந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் கொஞ்சம் வேர்த்தால்தான் உடம்பு உடம்பாக இருக்கும்.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏசி என்பது கூரையில் தெரிகிற சதுரமான ஒரு ஜல்லடை, அவ்வளவுதான். பாதிப் பேர் குளிருகிறது என்பார்கள், பாதிப் பேர் புழுங்குகிறது என்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும். குளிருகிறது என்பவர்கள் நாற்காலி மேல் ஏறி ஜல்லடையில் அட்டையை ஒட்டிவிடுவார்கள். அந்தக் காற்று எங்கே போகும்? பக்கத்து ஜல்லடையில் இரண்டு மடங்காக இறங்கும். உடனே அங்கிருந்து போன் வரும். "அட்டை ஒட்டின மகராசன் யாரு?" என்று கேட்டுக்கொண்டே நான் ஏணியோடு மேலே போவேன். என் வாழ்நாளில் நான் பிய்த்த அட்டைகளை அடுக்கினால் ஒரு மாடி உயரம் வரும். அந்தக் கோபம் நியாயமான கோபம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

கீழே பிளான்ட் ரூமில் இருக்கிற சத்தம் மேலே இருக்கிற யாருக்கும் தெரியாது. சில்லர் ஒரு பக்கம் ஊளையிடும், பம்புகள் ஒரு பக்கம் உறுமும். காதுக்கு மாட்ட மூடி கொடுத்திருந்தார்கள். மாட்டினால் மெஷினின் சத்தம் கேட்காது. எங்கள் வேலையில் பாதி காதுதான். பம்பின் பேரிங் தேய ஆரம்பித்தால் மீட்டர் காட்டுவதற்கு முன்னால் சத்தம் சொல்லிவிடும். அதனால் மூடியைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவோம்; சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் அது காதுக்கு ஏறும். இதன் பலன் எனக்கு நாற்பது தாண்டியதும் தெரிந்தது. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. கொசு போயிற்று, நல்லதுதான். குக்கர் விசில் போயிற்று. பிறகு அடுத்த அறையிலிருந்து மனைவி கூப்பிடுவது போயிற்று. போனது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அது மிக்ஸியையும் மனுஷக் குரலையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தது. அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டவன், பிறகு எடுக்கவே இல்லை.

அந்த இரைச்சலில் வாயால் பேச முடியாது என்பதால் பிளான்ட் ரூமில் எங்களுக்குள் ஒரு கைஜாடை உண்டு. யார் ஆரம்பித்ததோ தெரியாது, வேலை மாறிப் போகிறவர்களோடு ஊரிலுள்ள எல்லா பிளான்ட்டுக்கும் பரவியிருந்தது. முஷ்டியைத் திருகினால் வால்வை மூடு. பாதி திருகினால் பாதி மூடு. உள்ளங்கையை மேல் நோக்கித் தூக்கினால் மேலே புழுக்கம், இன்னொரு மெஷினைப் போடு. இரண்டு விரலால் மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கையைக் கவிழ்த்து, மேஜையைத் துடைப்பது மாதிரி ஓர் இழுப்பு இழுத்தால் எல்லாம் நார்மல்.

ஷிப்ட் மாறும்போது செய்வதுதான் முக்கியமானது. போகிறவன் மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுவான், ஒவ்வொன்றுக்கும் நார்மல் என்று கையை இழுப்பான். கடைசியில் விரலை வந்தவன் மேல் நீட்டுவான். இனி உன் பொறுப்பு என்று அர்த்தம். வந்தவன் தன் உள்ளங்கையை நெஞ்சில் வைக்க வேண்டும். வைத்தால் பொறுப்பு கை மாறிவிட்டது. அவன் வைக்காதவரை போகிறவன் போகக் கூடாது. ரெஜிஸ்டரில் கையெழுத்தெல்லாம் அதற்கப்புறம்தான். எங்களுக்கு நெஞ்சில் வைக்கும் கைதான் கணக்கு.

ஒரு மழைக்காலத்தில் மேடவாக்கம் ரோடு முழுக்கத் தண்ணீர் நின்று, என்னை மாற்ற வேண்டியவன் வந்து சேரவில்லை. ஆபீஸில் ஆள் குறைவு, ஆனால் சர்வர் அறைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை சூடாகக் கூடாது. ஒரு நாள் போய் மறுநாளும் நான் அங்கேயே கிடந்தேன். மனைவி போன் செய்தாள். பிளான்ட் ரூமை விட்டு வெளியே வந்து காதில் போனை அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"மெஷின் தானா ஓடுதுல்ல? செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"நெஞ்சுல கை வைக்க ஆள் வரணும்மா" என்றேன்.

"அது என்ன, கை வைக்கறது?"

போனிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் என் கூட்டாளி முழங்கால் தண்ணீரில் நடந்து, பேண்ட்டைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தான். அந்த நிமிஷத்தில் என் உடம்பிலிருந்து இறங்கிய பாரத்தை என்னால் இன்றும் சொல்லில் கொண்டுவர முடியாது. சுவரில் சாய்ந்து நின்று அழாத குறைதான்.

அதிலிருந்து வீட்டிலும் அது வழக்கமாகிவிட்டது. எனக்கு மதிய ஷிப்ட் என்றால் காலையில் அவள்தான் முதலில் கிளம்புவாள். ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அடுப்பைக் காட்டுவாள், நார்மல். பால் பாத்திரத்தைக் காட்டுவாள், நார்மல். தூங்குகிற மகளைக் காட்டுவாள், நார்மல். பிறகு விரலை என் மேல் நீட்டுவாள். வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நான் நெஞ்சில் கை வைக்கும்வரை நகரமாட்டாள். "ரயில் போயிடும், போ" என்று நான் கையை ஆட்டினாலும் விரல் அப்படியே நீண்டிருக்கும். மகள் வளர்ந்து, படித்து, பெங்களூரில் வேலைக்குப் போன பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை. சுட்டிக் காட்ட ஓர் ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய குரல் மாறியது எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது மனசு ஆறுவதில்லை. ஆபரேட்டருக்குப் பேரிங்கின் சத்தம் மாறினால் தெரியும், கூடவே வாழ்ந்தவளின் குரல் கரகரப்பானது தெரியவில்லை. போனில் பேசிய மகள்தான், "அம்மா குரல் ஏன்பா இப்படி இருக்கு?" என்று கேட்டாள். டீச்சர்களுக்குத் தொண்டை கட்டுவது சகஜம் என்று மனைவியே சமாதானம் சொன்னாள். மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, வெந்நீர் எல்லாம் ஆயிற்று. சர்ச்சில் பாடகர் குழுவில் அவள் வாயசைத்துக்கொண்டு மட்டும் நின்றாள் என்பது பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போனபோது குரல்வளையில் கட்டி. நல்ல கட்டியில்லை. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் என் வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அதுதான் கொஞ்சம் கேட்கிற காது. அதில் வாயை வைத்து, பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது மூச்சுக்காற்றும் நடுநடுவே ஓரிரு வார்த்தைகளும்தான். எல்லாம் கேட்டது மாதிரி தலையாட்டினேன். அவளுடைய குரலைக் கடைசியாக நான் கேட்டது அப்படித்தான்.

குரல்வளையை எடுத்த பிறகு மூச்சு கழுத்தில் போட்ட ஒரு துளை வழியாகத்தான் போகும், வரும். டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "மூக்கு வழியா போற காத்தை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும் சார். இனிமே காத்து நேரா உள்ள போகும். குளிர்ந்த காத்து பட்டா இருமல் நிக்காது. பாத்துக்கோங்க."

ஜிஎஸ்டி ரோட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரி முழுக்க சென்ட்ரல் ஏசி. அவள் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஜல்லடை. நான் பிழைப்பு நடத்திய காற்று அவள் கழுத்துத் துளை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இருமல் வரும்போது அவள் முதுகு வில்லாக வளையும், சத்தமே வராது. நான் மருந்து டப்பாவின் அட்டையைக் கிழித்து, நாற்காலி மேல் ஏறி, பிளாஸ்டரால் ஜல்லடையில் ஒட்டினேன். அவள் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கி இரண்டு விரலால் மேலுதட்டுக்கு மேல் தடவினாள். சூப்பர்வைசர் வருகிறார். அந்த நிலைமையிலும் கிண்டல். திரும்பினால் நிஜமாகவே நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"சார், கீழ இறங்குங்க. அத எடுங்க. அந்தப் பெட்காரங்களுக்குக் குளிருதாம்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். என் அட்டை தடுத்த காற்று அவர் மேல் இறங்கியிருந்தது. நான் அட்டையைப் பிய்த்தேன். எத்தனை பேர் எதற்காகவெல்லாம் அட்டை ஒட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

லிப்ட்டில் இறங்கி, யாரையும் கேட்காமல் பேஸ்மென்ட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியானாலும் ஆபீஸானாலும் பிளான்ட் ரூம் இருக்கிற திசையைப் பாதம் சொல்லிவிடும். தரை அதிரும். உள்ளே என் வயசில் ஓர் ஆபரேட்டர், காது மூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனையாவது மாடி என்று விரலால் காட்டினேன், கழுத்தைத் தொட்டுத் துளையைக் காட்டினேன், இருமிக் காட்டினேன், முஷ்டியைப் பாதி திருகினேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார், காது மூடி இல்லை. என் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். நான் மேலே போவதற்குள் ஜல்லடையின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பிளாஸ்டர் துண்டு ஓய்ந்திருந்தது. மனைவி புருவத்தைத் தூக்கினாள். நார்மல் என்று கையை இழுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விசித்திரத்தைக் கண்டேன். அவளிடம் பேச வந்தவர்கள் எல்லாரும் திணறினார்கள். உதட்டைப் பார்ப்பார்கள், தப்பாகப் புரிந்துகொள்வார்கள், பரிதாபமாகச் சிரிப்பார்கள். மகள்கூட, "அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். அவள் விஷயத்தில் ஊரே செவிடாகிவிட்டது. செவிடனாக அனுபவம் உள்ளவன் நான் ஒருவன்தான். அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்தே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்புவாள், மற்றதெல்லாம் கை. பாவம் என்று நினைத்து வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துக் குழம்பிப் போனார்கள். உண்மையைச் சொன்னால், அந்தச் சில மாதங்கள் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒரு குறைதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அவளால் என்னைக் கூப்பிட முடியவில்லை. அதற்காக ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய சாமான்கள் பரப்பியிருந்த ஒருவரிடம் பள்ளிக்கூடத்தில் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன பித்தளைக் கைமணி இருந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் ஊமை.

"என்ன அண்ணா, எல்லாம் உடைஞ்ச மணியா வெச்சிருக்கீங்க? சத்தமே வரலையே" என்றேன்.

அவர் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார் சொல்ற? காது கிய்யுது. நாலு கடை தள்ளி ஆளுங்க திரும்பிப் பாத்துகினு கீறாங்க."

மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், துளை வழியாகக் காற்று வர, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மணியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயிலில் திரும்பும்போது விடவே இல்லை. கடைசியில் வழி ஒன்றை அவள்தான் கண்டுபிடித்தாள். மரக்கட்டிலின் சட்டத்தில் உள்ளங்கையால் தட்டுவாள். நான் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பம்பின் மேல் வைத்து அதன் உடம்பு சரியா என்று பார்த்துப் பழகிய கைக்கு அந்தத் தட்டல் எட்டியது.

நோய் திரும்பி வந்தது. இந்த முறை நுரையீரல். டாக்டர் என் தோளில் கை போட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார், பிடிச்சத செஞ்சு குடுங்க" என்றார். மகள் லீவ் போட்டுவிட்டு வந்தாள். நானும் வேலைக்குப் போகவில்லை. கைகள் வீங்கிவிட்டதால் அவளால் போனில் டைப் செய்ய முடியவில்லை. ஃபேனைக்கூட மெதுவாகத்தான் வைத்தோம். கோடை ஆரம்பித்திருந்தது. அந்தப் புழுக்கம் அவளுக்கு இதமாக இருந்தது.

ஒரு மத்தியானம், மகள் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கைக்குத் தட்டல் வந்தது. திரும்பினேன். மனைவி மகளைச் சுட்டிக் காட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இழுத்தாள். சமையலறைப் பக்கம் காட்டினாள், இழுத்தாள். ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டினாள், இழுத்தாள். பிறகு விரலை என் மேல் நீட்டினாள்.

நான் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அம்மா என்னப்பா கேக்கறாங்க?" என்றாள் மகள்.

"தண்ணி வேணுமாம்" என்றேன்.

அவளுக்கு வாய்தான் இல்லை, காது நன்றாகவே கேட்கும். உள்ளங்கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், தப்பாகக் கணக்குப் போட்டவனின் பெஞ்சில் அடிக்கிற மாதிரி. நான் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய், பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நெஞ்சில் கை வைத்தால் அவள் போய்விடுவாள். வைக்காதவரை போகக் கூடாது. விதி அதுதானே. சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் சொல்லலாம். எனக்கு வேறு பிடி இருக்கவில்லை.

அன்று சாயங்காலமும் கேட்டாள். நான் வெளியே தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று எழுந்து போனேன். மறுநாள் காலையிலும் கேட்டாள். மருந்து நேரம் என்றேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள்பட்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடினால் உடனே திடுக்கிட்டுத் திறந்தாள். தூங்க பயப்படுகிறாள் என்று மகள் நினைத்தாள். ஷிப்ட்டில் தூங்கக் கூடாது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் மறுபடி சட்டத்தில் தட்டல், மிகவும் லேசாக. இந்த முறை அவள் எதையும் சுட்டிக் காட்டவில்லை, நார்மல் சொல்லவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. விரலை மட்டும் என் மேல் நீட்டினாள். இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். விரல் இறங்கவில்லை. வாசலில் ஹேண்ட்பேக்கோடு நின்ற காலைகளில் எப்படி இறங்கவில்லையோ அப்படியே.

மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த கூட்டாளியின் ஞாபகம் வந்தது. களைத்து நிற்கிறவனுக்கு எதிரில் ஆள் வந்து நெஞ்சில் கை வைத்தால் என்ன நிம்மதி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்காமல் இரண்டு நாளாக நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து அவளுக்கு நேர் எதிரில் நின்றேன். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தேன். சரியாக வைத்திருக்கிறேனா என்று அவள் பார்த்தாள். பிறகு விரல் இறங்கியது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணை மூடினாள். மகள், "இப்பதான்பா நல்லா தூங்கறாங்க" என்றாள். நான் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சின் அதிர்வு மரத்தில் வந்துகொண்டிருந்தது. வெயில் தாழ்கிற நேரத்தில் அது நின்றது. மகளுக்கு நான்தான் சொன்னேன்.

தெற்கேயிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர மறுநாள் ஆகும் என்று, யாரோ ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துப் பிளக்கைத் தேடினார்கள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"அவளுக்குக் குளிர் ஆகாது. எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மகள் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, "அப்பா சொல்றபடி செய்யுங்க" என்றாள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், வந்து சேர முடிந்தவர்களோடு அடக்கம் செய்தோம். வராதவர்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும்.

மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். தினமும் வீடியோவில் கூப்பிடுகிறாள். என் காதை நம்பாமல் கையால் பேசுகிறாள், பாதி தப்பு. கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பொறுப்பை வாங்கிக்கொண்டவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறேன். வேலைக்கும் போகிறேன். பிளான்ட்டில் ஷிப்ட் முடியும்போது கஷ்டம் இல்லை, அங்கே மாற்ற ஆள் வருகிறான்.

கஷ்டம் காலையில், வீட்டு வாசலில்தான். கையில் பூட்டோடு நின்று அடுப்பைக் காட்டுகிறேன், நார்மல். பைப்பைக் காட்டுகிறேன், நார்மல். கட்டிலைக் காட்டுகிறேன். பிறகு விரல் தானாக நீள்கிறது. அதன் எதிரில் நெஞ்சில் கை வைக்க ஒருவரும் இல்லை. ரயில் ஒன்று போய், அடுத்ததும் வந்துவிடுகிறது. கிளம்பலாம் என்று எனக்கு யாரும் சொல்லாததால், நான் வாசலிலேயே நிற்கிறேன்.